கறியைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா? பச்சைக்கறி தின்னும் நாயின் எடைக்கு நான்கு வழிகள்

எங்கள் தெருமுனையில் ஓர் அரிசி மண்டி இருக்கிறது. மூட்டை நிறுக்கிற தராசில் கருப்பனை ஏற்றி உட்காரவைத்தோம். எண் 37.6க்கும் 38.4க்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. அவன் இரைப்பு அடங்கியதும் 38இல் நின்றது. கருப்பன் எட்டு வயது லாப்ரடார், கருத்தடை செய்த ஆண். மூன்று வயதில் 31 கிலோ இருந்தான். அப்போது உடம்பு கச்சிதமாக இருக்கிறது என்று மருத்துவரே சொன்னார். ஏழு கிலோதானே ஏறியிருக்கிறது என்று தோன்றலாம். 60 கிலோ ஆள் 73 கிலோவைத் தாண்டியதற்குச் சமம் அது.

இத்தனைக்கும் அவனுக்குச் சோறு கிடையாது, பாக்கெட் தீனி கிடையாது. நான்கு வருடமாகப் பச்சைக்கறிதான். கோழிக்கழுத்து, தோலோடு கோழிக்கறி, கோழிக்கால், ஈரல். பச்சைக்கறி தின்கிற நாய்க்கு ஊளைச்சதை போடாது என்று நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. நாங்களும் அதை நம்பினோம். மாடிப்படி ஏறும்போது நான்காவது படியில் அவன் நின்று திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தராசைத் தேடிப் போனோம்.

எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று முடிவானதும் நான்கு வழிகள் முன்னால் இருந்தன. இப்போது போடுகிற அதே பச்சைக்கறியை அளவு குறைத்துப் போடுவது ஒன்று. பச்சைக்கறியிலேயே கொழுப்பில்லாத கறிக்கு மாறுவது இரண்டு. அந்தக் கொழுப்பில்லாத கறியை வேகவைத்துப் போடுவது மூன்று. எடைக்குறைப்புக்கென்றே வருகிற உலர் தீனிக்குப் போவது நான்கு. முதல் மூன்றையும் கருப்பனுக்குச் செய்து பார்த்தோம். நான்காவதை என் அண்ணன் வீட்டு பீகிள் தின்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்

நாய் குண்டா இல்லையா என்பதற்குத் தராசைவிடக் கை நன்றாகப் பதில் சொல்லும். உங்கள் இடது கையை விரித்து, புறங்கை எலும்புகளின் மேல் வலது கை விரல்களை லேசாக ஓட்டுங்கள். மெல்லிய தோலுக்கடியில் ஒவ்வோர் எலும்பும் தட்டுப்படும். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் எடை சரியாக இருக்கிறது. இப்போது கையை முஷ்டியாக மூடி, கணுக்களின் மேல் ஓட்டுங்கள். விலா அப்படித் துருத்தினால் நாய் மெலிந்திருக்கிறது. அப்புறம் உள்ளங்கையைத் திருப்பி, விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டில் அழுத்துங்கள். எலும்பு எங்கோ ஆழத்தில் இருக்கும். கருப்பனின் விலா அப்படித்தான் இருந்தது. மருத்துவர்கள் இதை 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகப் போடுகிறார்கள். 4, 5 என்றால் சரியான உடம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை. கருப்பனுக்கு 7 கிடைத்தது.

மருத்துவரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய் குண்டாகும். நடுவயது லாப்ரடாருக்கு அது வரக்கூடியதுதான். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் வந்தாலும், அரிப்புக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்தாலும் பசியும் எடையும் ஏறும். இவை இருக்கும்போது கிண்ணத்தை மட்டும் குறைத்தால் நாய் பட்டினி கிடக்கும், எடை இறங்காது. கருப்பனுக்கு ரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை. கருத்தடைக்குப் பிறகு நாய்க்குத் தேவைப்படும் சக்தி கணிசமாகக் குறையும். அதற்கேற்ப நாங்கள் தீனியைக் குறைக்கவே இல்லை.

லாப்ரடாரின் பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பி.ஓ.எம்.சி. என்ற அந்த மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லாத லாப்ரடார்களுக்கு, வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அங்கே வீடுகளில் வளரும் லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இது இருக்கிறது. ஆகவே கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டு நம் முகத்தையே பார்க்கும் லாப்ரடாரைப் பேராசைக்காரன் என்று திட்டக் கூடாது. அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது. எடை குறைக்கிற எந்த வழியாக இருந்தாலும் இந்தப் பசிக்கு என்ன செய்கிறது என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

எடையைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கும் லாப்ரடாரிலேயே பதில் இருக்கிறது. பூரினா என்ற நாய்த்தீனி நிறுவனம் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தது. முடிவு 2002இல் வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்களின் ஆயுள் நடுமதிப்பு (பாதி நாய்கள் தாண்டிய வயது) 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. கருப்பனோடு இன்னும் ஒன்றே முக்கால் வருடம் கிடைக்கும் என்றால் அதற்காக எந்தத் தொந்தரவையும் நான் படுவேன்.

கால்குலேட்டரில் ஒரு கணக்கு

நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி போதும் என்று கணக்கிட மருத்துவர் எங்களுக்கு ஒரு சுலபமான வழி சொல்லிக்கொடுத்தார். சாதாரணக் கால்குலேட்டரே போதும். நாய் இருக்க வேண்டிய எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 31 × 31 × 31 என்றால் 29,791. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள்: 13.14 வரும். அதை 70ஆல் பெருக்கினால் 920. எடை குறைக்கத் தொடங்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு 920 கலோரி. இங்கே கலோரி என்று நான் சொல்வது பாக்கெட்டுகளில் கிலோகலோரி என்று அச்சிடுவதைத்தான். இது தொடக்கக் கணக்கு. பிறகு தராசு சொல்வதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை இறங்கலாம். அதற்கு மேல் வேகம் வேண்டாம். 38 கிலோ நாய்க்கு 1 சதவீதம் என்றால் வாரம் 400 கிராம் அளவு. அந்த வேகத்தில் ஏழு கிலோவுக்கு நாலைந்து மாதம் ஆகும்.

பச்சைக்கறி போடுபவர்கள் யாரும் கலோரியைப் பார்ப்பதில்லை. அவர்கள் கணக்கு சதவீதம். நாயின் எடையில் 2 முதல் 3 சதவீதம் கறி, அதில் 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் முதலான உள்ளுறுப்புகள். எடை குறைக்க வேண்டுமென்றால் இருக்க வேண்டிய எடையில் 2 சதவீதம் போடு என்பார்கள். நாங்கள் அதுவரை 38 கிலோவுக்கு இரண்டரை சதவீதம், அதாவது 950 கிராம் போட்டுக்கொண்டிருந்தோம். புதிய கணக்குப்படி 31 கிலோவுக்கு 2 சதவீதம், 620 கிராம். மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டோம், தானாக இளைப்பான் என்று நினைத்தோம்.

முதல் வழி: அளவை மட்டும் குறைப்பது

மூன்று வாரம் கழித்து மண்டித் தராசு 37.8 காட்டியது. அப்போதுதான் கிராமை விட்டுவிட்டுக் கலோரியைப் பார்க்க உட்கார்ந்தேன். தோலோடு இருக்கும் கோழிக்கறி 100 கிராமுக்கு ஏறக்குறைய 215 கலோரி. தோல் மட்டும் என்றால் 350ஐ நெருங்கும். தோலோடு இருக்கும் கழுத்தில், எலும்பு நீக்கிய பகுதிக்கு 300 வரும். தோல் உரித்த சதைக்கறியோ 120தான். எலும்பு எடையைக் கழித்துப் பார்த்தாலும் எங்கள் கலவை 100 கிராமுக்கு 200க்குக் குறையவில்லை. 620 கிராமுக்கு 1,240 கலோரி. தேவை 920. அதே 620 கிராம் தோல் உரித்த கறியாக இருந்திருந்தால் 744தான் வந்திருக்கும். ஒரே தராசு, ஒரே 620, நடுவே 500 கலோரி வித்தியாசம். சதவீதக் கணக்கு கறியின் எடையைத்தான் பார்க்கிறது. அந்தக் கறியில் எவ்வளவு கொழுப்பு என்று அது கேட்பதே இல்லை. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. பச்சைக்கறி நாய் குண்டாவதற்கும் இளைப்பதற்கும் காரணம் இந்த ஒன்பதில் இருக்கிறது.

சரி, அதே கலவையை 920 கலோரிக்குக் குறைத்துப் பார்ப்போம் என்று 460 கிராம் போட்டோம். ஒரு வாரம்தான் தாங்கியது. கிண்ணத்தின் அடி பாதிகூட மறையவில்லை. முப்பது நொடியில் தின்றுவிட்டு அடுக்களை வாசலில் நின்றான். குப்பைக்கூடையைக் கவிழ்த்தான், செம்பருத்திச் செடியின் மண்ணைத் தின்றான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து அழுகைதான் வந்தது எனக்கு.

பசியைத் தாங்கினாலும் இந்த வழியில் இன்னொரு குறை உண்டு. வழக்கமான அளவில் தின்றால்தான் போதுமான துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் கிடைக்கும் என்று இருக்கும் ஒரு கலவையை, பாதியாக வெட்டினால் சத்தும் பாதியாகும். கலோரி குறையலாம், சத்து குறையக் கூடாது. கொஞ்சமாகக் கூடுதல் எடை இருக்கும் நாய்க்கு, ஒரு கிலோ, ஒன்றரை கிலோ குறைக்க வேண்டும் என்றால் இந்த வழி போதும். ஐந்தாறு கிலோ என்றால் வேண்டாம்.

இரண்டாவது வழி: பச்சையாகவே, கொழுப்பில்லாமல்

கறிக்கடைக்குப் போனேன். பாய் வழக்கம்போலக் கழுத்தையும் தோலையும் அள்ளிப் பையில் போடப்போனார். “பாய், இனிமே தோல் வேண்டாம். கழுத்தையும் உரிச்சுக் கொடுங்க” என்றேன். “என்னக்கா, நாய்க்குத்தானே? தோல்தான் அதுக்கு ருசி” என்றவர், கருப்பனின் எடையைச் சொன்னதும் கத்தியை வைத்துவிட்டார். சட்டைக்கையை உருவுவதுபோல ஒரே இழுப்பில் கழுத்துத் தோலை உருவிக்காட்டினார். தோலின் உள்பக்கம் மஞ்சளாக, கட்டிக்கட்டியாகக் கொழுப்பு. உரித்த தோலையெல்லாம் தராசில் தனியாகப் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ கழுத்தில் அது சிறு குவியலாக இல்லை. நான்கு வருடமாக அவ்வளவையும் கருப்பன் வயிற்றுக்குள் அனுப்பியிருக்கிறேன்.

புதிய கிண்ணம் இப்படி ஆனது. தோல் உரித்த கோழிக்கறியும் கொழுப்பு வெட்டிய மாட்டுத் தொடைக்கறியும் சேர்த்து 600 கிராம், ஈரல் 35 கிராம், ஒரு முட்டை, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 300 கிராம். கூட்டினால் 910 கலோரி. எடையைக் கூட்டினால் 985 கிராம். பழைய 950 கிராமைவிடக் கிண்ணம் நிறைவாக இருக்கிறது, கலோரி பாதிக்கும் கீழே. பரங்கிக்காய் 100 கிராமுக்கு 26 கலோரிதான். நாரும் தண்ணீரும் வயிற்றை அடைக்கும். பீன்ஸ், கேரட் போடலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை எந்தக் காலத்திலும் கூடாது. கோழியின் இரைப்பை, மாட்டு இருதயம், வெள்ளாட்டுக்கறி எல்லாமே 100 கிராமுக்கு 90 முதல் 115 கலோரிக்குள் அடங்கும். மாற்றி மாற்றிப் போட வசதி.

எலும்பில் கவனம் வேண்டும். சதை மட்டும் போட்டால் கால்சியம் இருக்காது, பாஸ்பரஸ் மட்டும் ஏறும். எலும்பு அதிகமானால் மலம் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக இறுகும், நாய் முக்கும். நாங்கள் 600 கிராம் சதையில் ஒரு பகுதியைக் குறைத்து, தோல் உரித்த கழுத்து இரண்டைச் சேர்த்தோம். ஈரல் நல்லதாயிற்றே என்று கூட்டக் கூடாது. வைட்டமின் ஏ மிஞ்சிப்போகும். கசாப்புக்கடையில் மாட்டின் தொண்டைப் பகுதியை நாய்க்கென்று மலிவாகக் கொடுப்பார்கள். அதில் தைராய்டுச் சுரப்பி ஒட்டியிருந்தால், பச்சையாகத் தின்னும் நாய்க்கு ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் ஏறும், படபடப்போடு எடை இறங்கும். எடைதான் இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

ஒன்பது வாரத்தில் 37.4இலிருந்து 34.6 ஆனான். சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்களை வாசலில் நிற்பது ஒரு வாரத்தில் நின்றது. பசி அடங்குவதில் இந்த வழிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். செலவு கூடியது, தோலும் கழுத்தும் விற்கிற விலைக்குச் சதை விற்காது.

அப்படியானால் ஏன் மாற்றினோம்? என் நாத்தனார் ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாவது வழி: அதே கறி, வேகவைத்து

பச்சைக்கறியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, இ. கோலை மாதிரி கிருமிகள் இருக்கலாம். நாய் எந்த நோயும் காட்டாமல் அவற்றை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் இருக்கும், மீசையில் இருக்கும், நக்கிய கையில் இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. உறைநிலை பாக்டீரியாவைக் கொல்லாது, தூங்கவைக்கும். நம் ஊர் வெயிலில், மின்சாரம் போய்ப்போய் வரும் நாட்களில், கறி இளகி மறுபடி உறைந்தால் இன்னும் மோசம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலேயே நாய்க்கும் பூனைக்கும் வேகாத இறைச்சி போட வேண்டாம் என்று கொள்கையாக அறிவித்துவிட்டது. கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் இருக்கும் வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. லிஸ்டீரியா கர்ப்பிணியின் வயிற்றிலிருக்கும் குழந்தையையே பாதிக்கும்.

நம் பக்கத்தில் இதைவிட அதிகமாகப் பேச வேண்டிய ஒன்று, ஆட்டு மாட்டு உள்ளுறுப்பு. நுரையீரலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடும் வழக்கம் இங்கே நிறைய. அவற்றில் நீர்க்கட்டிகள் இருந்தால் அவை எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குடியிருப்பு. நாய் தின்றால் குடலில் புழு வளரும். அதன் முட்டை நாயின் மலம் வழியாக மனிதனுக்கு வந்தால், மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி வளரும். அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் நோய் இது. பச்சைக்கறியில் உறுதியாக இருப்பவர்களிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதை ஒன்றைத்தான்: ஆட்டு மாட்டு உள்ளுறுப்பை வேகவைத்துப் போடுங்கள், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நாடாப்புழு மருந்து கொடுங்கள்.

வேகவைப்பதில் எடைக்குறைப்புக்கு எதுவும் நஷ்டமில்லை. கூடுதல் லாபம்கூட உண்டு. குக்கரில் கறியை வேகவைத்து, தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் திறந்தால் மேலே வெண்மஞ்சளாக ஒரு தகடு கட்டியிருக்கும். கரண்டியால் நெம்பினால் முழுசாக எழும்பி வரும். தோல் உரித்து, கொழுப்பு வெட்டியபின்னும் அவ்வளவு மிச்சம் இருக்கிறது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, அடியிலிருக்கும் கூழ்போன்ற சாற்றைப் பரங்கிக்காயில் ஊற்றினால் போதும், கருப்பன் கிண்ணத்தைப் பளபளவென்று ஆக்கிவிடுவான். கறியைப் பச்சையாக இருக்கும்போதே நிறுக்க வேண்டும். 600 கிராம் வெந்தால் தண்ணீர் இறங்கி 450 அளவுக்கு வந்துவிடும். வெந்த பிறகு 600 நிறுத்தால் கால்வாசிக்கு மேல் கூடிப்போகும்.

வெந்த எலும்பு கூடவே கூடாது, பிளந்து கூராகும், தொண்டையையும் குடலையும் கிழிக்கும். அதனால் கால்சியத்துக்கு வேறு வழி செய்ய வேண்டும். முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் வறட்டு வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் 5 கிராமில் ஏறக்குறைய 1.9 கிராம் கால்சியம் இருக்கிறது. கருப்பன் அளவு நாய்க்கு ஒரு நாளைக்கு அது போதும். வாரத்தில் இரண்டு நாள் வேகவைத்த மத்தி மீன். ஆனால் இவ்வளவும் செய்தால் சத்து நிறைந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வீட்டில் சமைக்கும் நாய் உணவுக் குறிப்புகள் 200ஐ எடுத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. அதனால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் சேர்ந்த சத்துப்பொடி ஒன்றை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் சேர்க்கிறோம். பச்சைக்கறிக்கும் இது அப்படியே பொருந்தும்.

வேலை அதிகம் என்பதை மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போய்விடும். ஏழு டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் வாரம் ஓடும். பத்து வாரத்தில் 34.6இலிருந்து 31.9க்கு வந்தான். பச்சையாகத் தின்றபோது இறங்கிய வேகத்தில்தான் வெந்ததிலும் இறங்கினான். எடை விஷயத்தில் அடுப்பு ஒரு பொருட்டே இல்லை, கொழுப்பும் தராசும்தான் எல்லாம் என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.

நான்காவது வழி: உலர் தீனி

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ராயல் கேனின், ஹில்ஸ் போன்ற நிறுவனங்கள் எடைக்குறைப்புக்கென்றே மருத்துவர் பரிந்துரையில் விற்கும் தீனிகளில் புரதமும் நாரும் அதிகம், கொழுப்பு குறைவு, கலோரி குறைத்தாலும் சத்து குறையாதபடி அடர்த்தியாகச் சேர்த்திருப்பார்கள். முதல் வழியில் சொன்ன அந்தக் குறை இதில் இல்லை. சாதாரண உலர் தீனி 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி. இவை 300 பக்கம் இருக்கும். கருப்பனுக்கு என்றால் 300 கிராம் சொச்சம். சமைக்க நேரமே இல்லாத வீட்டுக்கு, அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு, கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கு நான் இதைத்தான் சொல்வேன். அண்ணன் வீட்டு பீகிள் இதில் நன்றாக இளைத்தது. விலை அதிகம், கிண்ணத்தில் பார்க்கக் கொஞ்சமாக இருக்கும், கறிக்குப் பழகிய நாய் முதல் வாரம் முகத்தைத் திருப்பும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். தம்ளரால் அளக்காமல் தராசில் நிறுப்பது இங்கே இன்னும் முக்கியம். ஒரு கைப்பிடி கூடினாலே 100 கலோரி.

எந்த வழியாக இருந்தாலும்

எங்கள் வீட்டில் மாமா காபி குடிக்கும்போது கருப்பன் அவர் காலடியில் உட்கார்ந்திருப்பான். ஒரு மேரி பிஸ்கட் அவருக்கு, ஒன்று அவனுக்கு. காலை நான்கு, மாலை நான்கு. ஒரு மேரி பிஸ்கட் 24 கலோரி என்று எடுத்துக்கொண்டாலும் எட்டுக்கு 190 வந்துவிடுகிறது. 920இல் ஐந்தில் ஒரு பங்கு. “மாமா, பிஸ்கட் வேண்டாம்” என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த நேரம் இரண்டு பேருக்கும் அவ்வளவு பிடித்தது. கேரட்டைச் சிறு வட்டங்களாக வெட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு பிஸ்கட் டப்பா பக்கத்திலேயே வைத்தேன். “இதுவும் நறுக்குனு கடிக்கிறானேம்மா” என்றார் மாமா. அன்றிலிருந்து அதுதான். தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

நடைப்பயிற்சியை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: கருப்பன் அளவு நாய் மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 100 கலோரிதான் செலவாகும். நான்கு பிஸ்கட்டுக்குச் சரி. நடை மூட்டுக்கும் தசைக்கும் மனசுக்கும் வேண்டும். எடை கிண்ணத்தில்தான் இறங்கும். அதுவும் குண்டு நாயை வெயிலில் நடத்தாதீர்கள். காலை ஆறரைக்குள் அல்லது இருட்டிய பிறகு.

இப்போது தேர்வு. வீட்டில் எல்லோரும் திடகாத்திரம், பெரியவர்கள், கைகழுவுவதிலும் கிண்ணம் கழுவுவதிலும் ஒழுங்கு உண்டு, நம்பிக்கையான கடையில் அன்றன்றைக்குக் கறி கிடைக்கிறது என்றால் இரண்டாவது வழி நன்றாக வேலை செய்யும். ஆனால் நாய்க்கே ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறு மருந்தோ ஓடுகிறது என்றால் பச்சைக்கறி வேண்டாம். குழந்தையோ முதியவரோ கர்ப்பிணியோ இருந்தால் யோசிக்காமல் மூன்றாவது. சமைக்க ஆளில்லை என்றால் நான்காவது. என்னைக் கேட்டால், பச்சைக்கும் வெந்ததற்கும் எடையில் வித்தியாசம் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகு, பச்சையின் ஆபத்தைச் சுமக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நாத்தனார் குழந்தையோடு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் குக்கரை விடவில்லை.

31.9 வந்த வாரத்தில் தினம் 80 கிராம் கறி கூட்டினோம், ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு வாரம் கழித்து 31.6. இன்னொரு 80 கூட்டியிருக்கிறோம். எடை மூன்று தடவை தொடர்ந்து ஒரே இடத்தில் நிற்கும் வரை இப்படித்தான் போகவேண்டும் என்கிறார் மருத்துவர். அடுத்த நிறுவை வருகிற ஞாயிறு. மண்டிக்காரர் தராசுத் தட்டில் சாக்கு விரித்து வைத்திருப்பார்; கருப்பன் இப்போதெல்லாம் அதில் தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.